கழலாத போல்ட்

'டமார்' என்ற சத்தத்தோடு ஸ்பானர் பறந்துபோய் ஷெட்டின் தகரக் கூரையில் மோதி, அங்கிருந்து தண்ணீர் டிரம்முக்குள் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த ஜாபேஸ் எதிர்த்திசையில் பறந்துபோய் பழைய டயர்களின் மேல் விழுந்தான். இரண்டில் எதற்குச் சேதம் அதிகம் என்று பார்க்க யாரும் அவசரப்படவில்லை. எல்லாரும் குனிந்து போல்ட்டைத்தான் பார்த்தார்கள். அது சுகமாக இருந்தது.

"ஒரு மயிரிழை அசையலை," என்றாள் கிருபாவதி.

"நான் ஆறடி அசைஞ்சேன்க்கா. அதையும் எங்கயாச்சும் எழுதி வெச்சுக்கோங்க," என்றான் ஜாபேஸ், டயருக்குள்ளிருந்து.

கிருபாவதிக்கு நாற்பத்திரண்டு வயது. இன்ஷூரன்ஸ் கேட்டு வருகிறவர்களில் யார் பொய் சொல்கிறார்கள் என்று பன்னிரண்டு வருடம் கண்டுபிடித்துக் கொடுத்து, அலுத்துப்போய், சித்தூரில் ஒரு பேக்கரியின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவள். ஜாபேஸ் அவளுடைய சித்தப்பா மகன். நான்கு வேலைகளை நான்கு வாக்கியங்களால் இழந்தவன். ஐந்தாவதாக அக்காவிடம் உதவியாளனாகச் சேர்ந்தபோது அவள் போட்ட ஒரே நிபந்தனை, வெளியாட்கள் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்பது. அந்த நிபந்தனையை அவன் தினமும் காலையில் ஒரு தடவை நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஷெட், சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர் போகும் சாலையில் இருந்தது. சொந்தக்காரன் கிளாட்வின், இருபத்தாறு வயது மெக்கானிக். இரவு டியூட்டி முடிந்து நர்ஸ் உடையோடு அப்படியே வந்து நின்றிருந்த எலிசா அவனுடைய அக்கா. இவர்கள் இருவரின் நிம்மதியும் நடுவில் நின்றிருந்த பழைய புல்லட்டின் டூல் பாக்ஸ் மூடியில் இருந்த அந்த ஒற்றை போல்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஆறு வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம், திருச்சானூரில் செல்லியம்மா என்கிற பூக்காரியின் பச்சைத் தள்ளுவண்டியை ஒரு பழைய புல்லட் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிற்று. செல்லியம்மா கால் முறிந்து, புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். மறுநாள் காலை, ஹெல்மெட்டும் அதற்கு உள்ளே முகத்தில் கைக்குட்டையுமாக ஒரு ஆள் இந்த வண்டியைக் கொண்டுவந்து கிளாட்வினிடம் விட்டான். டூல் பாக்ஸ் போல்ட் பிடித்துக்கொண்டது, கழற்றி வை, ஒன்றும் அவசரமில்லை என்று தெலுங்கில் சொன்னான். நம்பர் பிளேட் எங்கே என்றதற்கு பெயின்ட் அடிக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். கிளாட்வின் நம்பினான். கிளாட்வின் எல்லாவற்றையும் நம்புகிற ரகம். அந்த ஆள் கொடுத்த போன் நம்பர் அன்றிலிருந்தே அணைந்து கிடக்கிறது.

போல்ட்டோடு கிளாட்வின் ஒரு மாதம் மல்லுக்கட்டினான். டீசல் ஊற்றினான், கெரசின் ஊற்றினான், சுட வைத்து மெழுகுவர்த்தியை உருக்கி விட்டான், சுத்தியலால் தட்டினான். கடைசியில் போட்டோ எடுத்து மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இதைக் கழற்ற யாருக்காவது வழி தெரியுமா என்று கேட்டான். வழி யாருக்கும் தெரியவில்லை. ஆனால் போட்டோவின் ஓரத்தில் லெக் கார்டு வளைந்திருப்பதும், அதில் பச்சை பெயின்ட் ஒட்டியிருப்பதும் இருநூற்றுப் பதினான்கு பேருக்குத் தெரிந்தது. மறுநாள் எஸ்.ஐ. முனுசாமி வந்து இறங்கினார்.

"உன்னை மாட்டி வைக்க எவனும் தேவையில்லப்பா. நீயே போதும்," என்றான் ஜாபேஸ்.

விபத்து நடந்த அன்று சாமான் வாங்க கிளாட்வின் திருப்பதிக்குப் போயிருந்தான். எஸ்.ஐ.க்கு அது போதுமானதாக இருந்தது. சேசிஸ் நம்பரை வைத்துத் தேடியதில், வண்டி 1984-இல் வாலாஜாவில் ஒருவர் பெயரில் பதிவாகி, அவர் 1998-இல் காலமாகி, அதன் பிறகு கை மாறியபோதெல்லாம் பெயர் மாற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. காகிதக் கணக்கில் செல்லியம்மாவை இடித்தது கல்லறையில் இருக்கும் ஒருவர். அவரைக் கைது செய்ய வசதிப்படாது. கிளாட்வினைக் கைது செய்ய வசதிப்படும்.

இன்று மாலை ஐந்தரைக்கு எஸ்.ஐ. விபத்தைப் பார்த்த சாட்சியோடு வருகிறார். சாட்சி கையைக் காட்டினால் கிளாட்வின் பெயரில் கேஸ். கேஸ் என்றால் வியாழக்கிழமை குவைத்துக்குப் பறக்க வேண்டிய வேலை போயிற்று. மூன்று வருடம் அலைந்து கிடைத்த விசா. எலிசா இதைச் சொல்லும்போது அழவில்லை. நோயாளியின் நிலவரத்தை டாக்டரிடம் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். அதுதான் ஜாபேஸுக்குத் தாங்கவில்லை.

டூல் பாக்ஸுக்குள் ஏதாவது காகிதம் இருக்கலாம் என்பதுதான் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை. போல்ட்டை அறுத்துவிடலாமே என்றான் ஜாபேஸ். வண்டியில் ஒரு கீறல் புதிதாக விழுந்தாலும் சாட்சியத்தை அழித்ததாக இரண்டாவது கேஸ் போடுவேன் என்று எஸ்.ஐ. சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வண்டியை ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போக லாரி கிடைக்காததால் அந்த வாக்குறுதியை மட்டும் விட்டுப் போயிருந்தார்.

"அப்ப போல்ட்டை நல்லா சுட்டுப் பாப்போம்," என்றான் ஜாபேஸ்.

"போல்ட்டை சுடக்கூடாதுண்ணா," என்றான் கிளாட்வின். "சுட்டா அது இன்னும் உப்பி இறுகிக்கும். அதைப் பிடிச்சிக்கினு கீதே, சுத்தி இருக்கிற இரும்பு, அதைத்தான் சுடணும். அது தளர்ந்தா இது தானா வந்துடும். அதுவும் பண்ணிட்டேன். வரலை."

கிருபாவதி போல்ட்டின் தலையை விரலால் தடவினாள். ஆறு பட்டை இல்லை. நான்கு. சதுரம்.

"கிளாட்வின், பிடிச்ச போல்ட்டை முதல்ல ஒரு நூல் இறுக்கிட்டு அப்புறம் தளர்த்தணும்னு சொல்வாங்களே. நீ இறுக்கினியா?"

கிளாட்வின் தரையைப் பார்த்தான். எந்த ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்தில் சொல்லித்தரும் விஷயம் அது. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் அதை மட்டும் அவன் செய்யவில்லை. கிருபாவதி போனில் போல்ட்டைப் படம் எடுத்துக்கொண்டாள். மணி பதினொன்று. வா, திருப்பதி போகலாம் என்றாள்.

பஸ்ஸில் அவள் கேட்டாள். "ஒரு வண்டியை ரெண்டு மாசம் யாரும் சந்தேகப்படாம ஒளிச்சு வைக்கணும். எங்க வைப்பே?"

"மெக்கானிக் ஷெட்டுலதான். என் வண்டி ஒன்பது மாசமா அங்கதான் கீது. நான் ஒளிச்சு வைக்கவே இல்லை."

"அதேதான். ஆனா மெக்கானிக் நாணயமானவனா இருந்து, ரெண்டே நாள்ல வேலையை முடிச்சு, வந்து எடுத்துக்கினு போன்னு சொல்லிட்டா?"

ஜாபேஸ் யோசித்தான். அப்படி ஒரு மெக்கானிக்கை அவன் சந்தித்ததில்லை என்பதால் கொஞ்சம் நேரம் பிடித்தது. "முடியாத வேலையா பார்த்துக் குடுக்கணும்."

"முடியாதுன்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அந்த போல்ட்டு கழலாதுன்னு தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருக்க முடியும். ரொம்ப நாளா அதோட பழகினவன்."

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் லட்சுமம்மாவின் கடை. பழைய புல்லட் சாமான் ராயலசீமை முழுவதற்கும் அங்கேதான். அந்த அம்மாள் போனில் தெலுங்கு சீரியல் பார்த்துக்கொண்டே, கிருபாவதியின் போனில் இருந்த படத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். சீரியலை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தாள்.

"இது வண்டி போல்ட்டே இல்லம்மா. தலை சதுரமா கீது பாரு. பவர்லூம் தறியில போடுறது. எங்க அம்மா வீடு தறி ஊரு நகரிதான், இதை மிதிச்சு மிதிச்சே நான் வளர்ந்தேன்."

இந்த இடத்தில் ஜாபேஸ், கண்ணாடி அலமாரியில் இருந்த ஒரு ஹெட்லைட்டைக் காட்டி, இந்த விலைக்கு இது ராத்திரியில் சூரியனையே காட்டுமா என்று விசாரித்தான். லட்சுமம்மா அவனை வெளியே போய் நிற்கச் சொன்னாள். அவன் சந்தில் நின்று பார்த்தபோது, உள்ளே அந்த அம்மாள் கையைக் காற்றில் எதையோ திருகுவதுபோல் சுழற்றிக் காட்ட, அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் இன்ஷூரன்ஸ் காலத்துப் புன்னகை இருந்தது. அந்தப் புன்னகையைப் பார்த்த பலபேருக்குப் பணம் வந்ததில்லை.

"இந்தக் கேஸ்ல நகரிக்காரங்க யாராச்சும் கீறாங்களா?" என்றாள்.

ஜாபேஸ் விரல் விட்டு எண்ணினான். கிளாட்வின் சித்தூர். செல்லியம்மா திருச்சானூர். எஸ்.ஐ. முனுசாமி எந்த ஊர் என்று சொல்ல எந்த ஊரும் முன்வரவில்லை. மிச்சம் ஒரே ஆள். "சாட்சி. சொந்த ஊரு நகரின்னு வாக்குமூலத்துல போட்டிருக்கு," என்றான்.

ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போய் இறங்கினார்கள். கோயிலுக்குப் போகும் தெருவில் சாட்சி உமாபதியின் துணிக்கடை. நகரித் தறியில் நெய்த டவல், லுங்கி, சேலை. தரையில் வெள்ளை மெத்தை விரித்து, அதன்மேல் ஐம்பது வயது உமாபதி, தோளில் சொந்தக் கடை டவலோடு உட்கார்ந்திருந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் மெத்தையில் ஏற வேண்டும். அவருக்குப் பின்னால் சுவரில் புத்தம் புதிய போட்டோ ஒன்று. வியாபாரிகள் சங்கம் அவருக்குச் சால்வை போர்த்துகிறது. அடிபட்டுக் கிடந்த செல்லியம்மாவைத் தன் சொந்தக் காரில் புத்தூர் வரைக்கும் தூக்கிப் போனதற்காக. அதற்குப் பக்கத்தில், வெங்கடாசலபதி படத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக, மாலை போட்ட ஒரு பெரியவர் படம்.

கிருபாவதி, கிளாட்வின் வீட்டார் சார்பில் வந்திருப்பதாக உள்ளதையே சொன்னாள். உமாபதி வருத்தப்பட்டார். டீ வரவழைத்தார். சின்னப் பையன்தான், பாவம்தான், ஆனால் கண்ணால் பார்த்ததை மறைப்பது பாவத்திலும் பாவம் இல்லையா என்றார். கடைக்குள் இருந்தபோது சத்தம் கேட்டு ஓடிவந்ததாகவும், வண்டி தன்னைக் கடந்து போனதைப் பார்த்ததாகவும் சொன்னார். ஓட்டியவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், சட்டையில் கிரீஸ் கறை இருந்தது. வண்டியை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

விபத்து நடந்த அன்று அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் கிருபாவதியின் பையில் இருந்தது. அதில், ஹெல்மெட் போட்டிருந்ததால் ஆளே தெரியவில்லை என்று இருந்தது. ஆறு வாரத்தில் சாட்சிக்குக் கண் தெளிந்து, வயது தெரிந்து, கிரீஸும் தெரிந்திருக்கிறது. எந்தக் கண் டாக்டர் என்று கேட்க ஜாபேஸ் வாயைத் திறந்தான். அக்கா அவன் காலை மிதித்தாள்.

"உங்களுக்கு புல்லட்டு பழக்கம் உண்டா அண்ணே?" என்றாள் கிருபாவதி.

"எனக்கு கியர் போடுற பைக்கே வராதும்மா. காரை விட்டா ஸ்கூட்டி ஒண்ணுதான். எங்க நைனாதான் எல்லா வண்டியும் ஓட்டுவாரு."

நைனா என்றதும் உமாபதி வேறு ஆளாகிவிட்டார். படத்தில் இருந்த பெரியவர்தான் நைனா, அவருடைய அப்பா. தறி மேஸ்திரி. நகரியில் எந்தப் பட்டறையில் எந்தத் தறி நின்றாலும் நைனாவைத்தான் கூப்பிடுவார்கள். படிக்காதவர், ஆனால் இன்ஜினியர்கள் அவர் முன்னால் கை கட்டி நிற்பார்கள். அவர் கை வைத்த சாமானை இன்னொருத்தன் குறை சொன்னது கிடையாது, சொன்னவன் நகரியில் இருந்தது கிடையாது. டீ ஆறும்வரை பேசினார், ஆறிய பிறகும் பேசினார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து டவலை நீட்டியபோது, கொஞ்சம் இரு, நைனாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அவரை நிறுத்தி வைத்தார்.

கிளம்பும்போது கிருபாவதி வாசலில் குனிந்து, தன் செருப்பின் வாரை வெகுநேரம் மாட்டினாள். அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் உமாபதியின் தோல் செருப்பு ஜோடி இருந்தது. இடது கால் செருப்பு பளபளப்பாக இருந்தது. வலது கால் செருப்பின் மேல்பட்டையில், விரல்கள் வரும் இடத்தில், விரல் அகலத்துக்குக் கறுத்துத் தேய்ந்த ஒரு பள்ளம்.

தெருமுனை திரும்பியதும் அவள் ஜாபேஸின் ஷூவைக் காட்டினாள். "உனக்கு எந்தக் கால் ஷூ தேய்ஞ்சிருக்கு?"

"இடது. மேல்பக்கம். கியர் தூக்கித் தூக்கி."

"பழைய புல்லட்டுல கியர் எந்தப் பக்கம்?"

ஜாபேஸ் தன் வலது ஷூவைக் குனிந்து பார்த்தான். வலது பக்கம். அவன் வாழ்க்கையில் பதில் இருந்தும் பேசாமல் நின்றது அது மூன்றாவது முறை.

திரும்பும் ஆட்டோவில் கிருபாவதி எஸ்.ஐ.க்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். கியர் பைக்கே வராதவருக்கு வலது செருப்பின் மேல்பட்டை ஏன் தேய வேண்டும் என்றாள். மறுமுனையில் எஸ்.ஐ. சிரித்த சிரிப்பு ஆட்டோ டிரைவருக்கே கேட்டது. சங்கத்தில் சால்வை வாங்கிய பெரிய மனுஷனை, செருப்பை வைத்துக்கொண்டு கோர்ட்டில் நிறுத்தச் சொல்கிறீர்களா, ஜட்ஜ் முதலில் எதைக் கழற்றுவார் என்று தெரியுமா என்று கேட்டார். சாட்சி இருக்காரு, வண்டி இருக்கு, இன்கா ஏம் காவாலி என்றார். இதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டாம் என்பது அந்தத் தெலுங்கிலேயே தெளிவாகத் தெரிந்தது. ஐந்தரை என்றால் ஐந்தரைதான்.

ஷெட்டுக்குத் திரும்பும்போது மணி நாலே முக்கால். எலிசா இன்னும் அதே உடையில், அதே ஸ்டூலில் இருந்தாள். கிருபாவதி நேராக வண்டியிடம் போய், ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி ஜாபேஸிடம் கொடுத்தாள். "வலது பக்கமா திருவு," என்றாள்.

"இறுக்கச் சொல்றியா? இதுக்கு மேல இறுக்கினா வண்டியே உள்ள போயிடும்."

"திருவு."

அவன் குழாயில் முழு எடையையும் போட்டான். போல்ட் ஒரு தடவை முனகியது. பிறகு, ஒரு மாத டீசலையும் கெரசினையும் மெழுகையும் கேலி செய்வதுபோல, வழவழவென்று சுழன்று வெளியே வந்தது.

எதிர்மரை. வலது பக்கம் திருகினால்தான் கழலும். லட்சுமம்மா காற்றில் கையைச் சுழற்றிக் காட்டியது இதைத்தான். தறியில் எதிர்ப்பக்கம் சுற்றும் உருளைக்கு, ஓட ஓடக் கழன்றுவிடாமல் இருக்க, எல்லாம் தலைகீழாகவே மரை போட்டிருப்பார்கள். டூல் பாக்ஸில் சாமான் திருடு போகாமல் இருக்க யாரோ ஒரு தறிக்காரர் அந்த போல்ட்டையே இங்கே பூட்டாக மாட்டியிருக்கிறார். திருட வந்தவர்கள் எல்லாரும் பாவம், மும்முரமாக இறுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். கிளாட்வின் மட்டும் பயப்படாமல் பாடம் படித்தபடி முதலில் ஒரு நூல் இறுக்கியிருந்தால், முதல் நாளே அது தளர்ந்திருக்கும். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு டயர்மேல் உட்கார்ந்தான்.

ஜாபேஸ் மூடியைத் திறந்து உள்ளே கை விட்டான். ஒரு பழைய பிளக் வந்தது. ஒரு துருப்பிடித்த ஸ்பானர் வந்தது. மடித்துச் சுருட்டிய ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. எலிசா எழுந்து நின்றுவிட்டாள். அவன் அதைப் பிரித்தான். ஆயுத பூஜைக்கு வைத்து, காய்ந்து கல்லாகிப்போன எலுமிச்சம்பழம் ஒன்று. அவ்வளவுதான். ஒரு பெயர் இல்லை, ஒரு ரசீது இல்லை, ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

"இதுல கைரேகை எடுக்க முடியுமா?" என்றான் ஜாபேஸ், பழத்தைத் தூக்கிப் பிடித்து. யாரும் சிரிக்கவில்லை. எலிசா மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். நகரிக்காரன் என்பதற்காக ஒருவனைக் கைது செய்தால் நகரியே காலியாகிவிடும். எஸ்.ஐ. இதையும் சிரித்தே முடிப்பார். மணி ஐந்து.

கிருபாவதி எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடி, போல்ட்டைப் பழையபடி மாட்டி, ஜாபேஸை விட்டு முழு பலத்தோடு இறுக்க வைத்தாள். பிறகு போல்ட்டின் தலைமேல் ஒரு குழல் ஸ்பானரைச் செருகி, அதைச் சுற்றிக் கரித்துணியைக் கட்டி மறைத்தாள். இப்போது உள்ளே இருப்பது சதுரமா, வட்டமா, போல்ட்டா, பூசணிக்காயா என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

"ஜாபேஸு, இன்னிக்கு உன் வாயைத் திறந்து விடறேன்," என்றாள்.

"எவ்ளோ நேரத்துக்கு?"

"ஜெயிக்கிற வரைக்கும். ஆனா இடிச்சதைப் பத்தியோ அந்தப் பூக்காரியைப் பத்தியோ ஒரு வார்த்தை வரக் கூடாது. இந்த போல்ட்டை மாட்டின ஆளைப் பத்தி மட்டும் பேசு."

"அந்த ஆளு யாருன்னே நமக்குத் தெரியாதே."

"தெரியாததால தாராளமா பேசு. போல்ட்டை சுடக்கூடாது, அதைப் பிடிச்சிக்கினு இருக்கிறதைத்தான் சுடணும்னு காலையில கிளாட்வின் சொன்னான்ல?"

ஜாபேஸ் அக்காவைப் பார்த்தான். திருச்சானூர்க் கடையில் வெங்கடாசலபதியைவிடப் பெரிதாக மாட்டியிருந்த படம் நினைவுக்கு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தன் படிப்புக்கேற்ற வேலை கிடைத்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

ஐந்தரைக்கு ஜீப் வந்தது. எஸ்.ஐ. முனுசாமி இறங்கினார். பின்னால் தோளில் டவலோடு உமாபதி. அவர் கிளாட்வினை மேலும் கீழும் பார்த்து, ஆமாம், இதே உயரம்தான், இதே சட்டை மாதிரிதான் இருந்தது என்று வருத்தத்தோடு சொன்னார். வண்டிப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. அடையாளம் காட்ட வந்தவர் பார்க்காத ஒரே பொருள் அதுதான். எஸ்.ஐ. காகிதத்தை எடுத்தார்.

கிருபாவதி பணிவாக ஒரு வேண்டுகோள் வைத்தாள். வண்டியைக் கைப்பற்றும் முன், டூல் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று சாட்சி முன்னிலையிலேயே திறந்து எழுதிக்கொள்ளலாமே, நாளைக்கு நாங்கள் எதையோ எடுத்துவிட்டதாகப் பேச்சு வரக் கூடாது பாருங்கள் என்றாள். எஸ்.ஐ. கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடம் என்றார். உமாபதிக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

ஜாபேஸ் வண்டிக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் குந்தி, முதுகைக் காட்டி, கழற்ற ஊரே திருகுகிற இடது பக்கமாகத் திருகினான். முனகினான். வேர்வையைத் துடைத்தான். இதை மாட்டினவன் இரும்பைக் கண்ணால் பார்த்தவனாக இருக்க முடியாது, வெண்டைக்காய் விற்றவனாகத்தான் இருப்பான் என்று ஆரம்பித்தான். உமாபதி ஷெட்டின் கூரையைப் பார்த்தார். அரைக்குருடனாக இருந்தால்கூட இதைவிட ஒழுங்காக மாட்டியிருப்பான், இவனிடம் வேலைக்கு விட்டிருந்தால் கழுதைக்கும் கொம்பு பொருத்தியிருப்பான் என்றான். எஸ்.ஐ. சிரித்தார். உமாபதி சிரிக்கவில்லை. தோளில் இருந்த டவல் கைக்கு வந்துவிட்டது.

இவன் கை வைத்த சாமானெல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருந்திருக்கும், இவனை மேஸ்திரி என்று கூப்பிட்டவர்களைத்தான் முதலில் பிடித்து உள்ளே போட வேண்டும் என்றான் ஜாபேஸ். ஓரக்கண்ணால் பார்த்தான். உமாபதியின் கைகள் டவலை முறுக்கிக்கொண்டிருந்தன. வலது பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தன.

"போதும் சார், இந்தக் குப்பையோட இனிமே முடியாது," என்று ஜாபேஸ் எழுந்தான். "கிரைண்டர் போட்டு அறுத்துத் தூக்கிப் போட்டுடலாம்." எஸ்.ஐ. தலையாட்டினார். கிளாட்வின் கிரைண்டரைக் கொண்டுவந்து கொடுத்தான். சுவிட்சைப் போட்டதும் அது ஷெட் முழுக்க அலறியது. அந்த அலறலுக்கு மேல் கேட்கும்படி, ஸ்பானரைக் கடைசியாக ஒரு தடவை இடது பக்கம் உதைத்துவிட்டு ஜாபேஸ் சொன்னான்.

"எந்த மடையன் பெத்த மடையன் இதை மாட்டினானோ."

ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. உமாபதி எழுந்து நின்றிருந்தார். முகம் சிவந்து, டவல் தரையில் கிடந்தது. ஜாபேஸ் கிரைண்டரை அணைத்தான். திடீரென்று விழுந்த அமைதியில், கரித்துணிக்குள் மறைந்திருந்த போல்ட்டை நோக்கி விரலை நீட்டி அவர் கத்தினார்.

"யாரைடா மடையன்ங்கிற? எங்க நைனா மாட்டின போல்ட்டுடா அது, அந்தப் பக்கம் இல்ல, வலது பக்கமா திருவு."